இருக்கிற பேர்

எழுமலை
கார்த்திகை 17 (2-12-2024)

மாப்ள ஜெயக்கொடிக்கு, நல்லகாமன் சொல்லச் சொல்ல எழுதுவது.

தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டுப் பன்னிரண்டு வருசமாகச் சும்மா கிடந்த பாதையில் போடி வரைக்கும் மறுபடி ரயில் ஓடிய வருசம் அது. தக்காளி ஆப்பிள் விலைக்கு விற்றதும் அந்த வருசம்தான். ஐப்பசி மழையில் உன் அக்கா ராக்கம்மாள் போய்ச் சேர்ந்தாள். அதுவரைக்கும் எனக்கு ஒரு நோவும் கிடையாது. இதை முதலில் மனசில் வைத்துக்கொள். எது எப்போது தொடங்கியது என்று தெரிந்தால்தான் யார் கை பட்டது என்று தெரியும்.

போன மாசிக்குப் பிறகு நீ என்னோடு பேசுவதில்லை. நானும் பேசவில்லை. போனில் பேசலாம் என்றால் என் காது செத்துப்போனது உனக்குத் தெரியும். போனும் உன் மகள் தாமரைச்செல்வி கையில்தான் இருக்கிறது. மருமகளைப் பற்றிப் பேச மருமகளிடமே போன் கேட்க முடியுமா? அதனால்தான் கடிதம். எழுதுவது இங்கே தபாலாபீஸில் இருக்கும் ஆர்த்திகா. நான் 'வாரேன்' என்றால் இவள் 'வருகிறேன்' என்று எழுதுகிறாள். கேட்டால், "எழுத்துன்னா அப்படித்தான் தாத்தா" என்கிறாள். எழுதத் தெரிந்தவர்கள் எதை மாற்றினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நோவைச் சொல்கிறேன், வரிசையாகக் கேள். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு முன்னால் புகை கட்டியது போல இருக்கிறது. நீர் பிரிய நின்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பகலில் கண் சொருகுகிறது, எழுந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பேர் வருவதில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். ஆர்த்திகா வேறூர்ப் பிள்ளை, அவளுக்கும் விளங்கட்டும் என்று சொல்கிறேன். சிவராத்திரிக்குச் சாமிப் பெட்டியைக் கோயிலில் இறக்கிவைத்ததும், எங்கள் வகையறாவில் செத்தவர்கள் பேரையெல்லாம் நான் கூப்பிட வேண்டும். வாக்கப்பட்டு வந்த பெண்களைப் பிறந்த ஊரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும். ஏட்டில் எதுவும் கிடையாது, வாயில்தான். விட்டுப்போன பேருக்குரியவர் அடுத்த மாசி வரைக்கும் வாசலுக்கு வெளியே நிற்பார். செத்தவர்களோடு நிறுத்தக் கூடாது என்பதால் கடைசியாக உயிரோடிருக்கும் ஒரு ஆளைக் கூப்பிடுவோம். அதற்குப் பெயர் இருக்கிற பேர். அந்த ஆள் எழுந்து "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவர் மேல் குறை இருந்தால் அப்போதே பெட்டி முன்னால் சொல்லிவிடலாம். சொன்ன சொல் திரும்பாது.

போன மாசியில் யாருடைய பேரை விட்டேன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அவளுக்குப் பிறந்த வீட்டுச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாய். அப்படியே திரும்பிப் போய்விட்டாய். ஆனால் மாப்ள, ஐம்பது வருசம் ஒரு கூரையின் கீழ் இருந்தவளை நானாகவா மறப்பேன்? யாரோ மறக்க வைத்திருக்கிறார்கள்.

உன் மகள் பொழுது சாய்ந்ததும் ரோஸ் கலரில் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவருகிறாள். நான் முழுங்கும்வரை எதிரே நிற்கிறாள். கசாயம் குடிக்காத பிள்ளைக்கு நிற்பதுபோல. எதற்கு மாத்திரை என்றால், "தூக்கத்துக்கும் வயித்துக்கும் மாமா, டாக்டர் கொடுத்தது" என்கிறாள். நேற்று நாக்குக்கு அடியில் ஒதுக்கி எடுத்துக் காயவைத்தேன். இந்தத் தாளில் ஒட்டியிருக்கிறேன். மதுரையில் காட்டி இது என்ன விசம் என்று கேட்டு எழுது. நான் நினைப்பதுதான் என்றால், வரும் சிவராத்திரிக்கு இருக்கிற பேர் உன் மகள் பேர்தான். குறையோடு கூப்பிடுவேன்.

மூன்றாவதாகச் சொன்ன நோவு எது என்று பதிலில் எழுது. ஆர்த்திகா ஒழுங்காக எழுதினாளா என்று பார்க்க வேண்டும்.

நல்லகாமன்

⁂

சோழவந்தான்
12-12-2024

மச்சானுக்கு,

மூன்றாவது நோவு நீர் பிரியாதது. அதைப் போய் ஒரு பொம்பளப் பிள்ளையிடம் எழுதச் சொன்னீர்களே.

உங்கள் மாத்திரை வந்து சேரவில்லை. தபாலில் முத்திரை குத்திய குத்தில் நொறுங்கி, கடிதத்தைப் பிரித்ததும் கொஞ்சம் ரோஸ் பவுடர் என் மடியில் கொட்டியது. அதை மோந்து பார்த்து விசமா இல்லையா என்று சொல்ல நான் என்ன வைத்தியனா? கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவன்.

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் அதைவிட அதிகமாக வந்தது. நான் பெற்ற பெண்ணைப் பெட்டி முன்னால் நிறுத்தப்போவதாக என்னிடமே எழுதி, அதற்குச் சாட்சியும் என்னையே தேடித்தரச் சொல்கிறீர்கள். உங்களுக்கு என்ன துணிச்சல் என்று யோசித்தேன். பிறகு இன்னொன்றும் யோசித்தேன். போன மாசியில் அக்கா பேரை விட்டதற்கு ஊர் உங்களைப் பேசியது. இந்த மாசிக்கு அந்தப் பழியை இறக்கிவைக்க ஒரு தலை வேண்டியிருக்கிறது. என் மகள் தலை கிட்டே இருக்கிறது. இப்படி நான் நினைத்தால் தப்பா மச்சான்?

அந்தச் சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் என் பீரோவில் இருக்கிறது. "சோழவந்தான் ராக்கம்மா" என்று நீங்கள் கூப்பிட்டதும் எடுத்து நீட்ட வேண்டும் என்று கையில் பிடித்திருந்தேன். நீங்கள் அவளைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

இருந்தாலும் எழுதியது நீங்கள். மாத்திரையை அட்டையோடு அனுப்புங்கள். அட்டையில்தான் பேர் அச்சடித்திருப்பார்கள். தெற்குவாசலில் மெடிக்கல் வைத்திருக்கும் சேக் மைதீன் பாயைத் தெரியும். நாற்பது வருசக் கடை, பொய் சொல்லமாட்டார். அது சத்து மாத்திரை என்று வந்தால் நீங்கள் என் மகள் மேல் வார்த்தை விட்டதற்கு என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

ஜெயக்கொடி

⁂

எழுமலை
மார்கழி 8 (23-12-2024)

மாப்ளைக்கு,

உன் கடிதத்தை ஆர்த்திகா என் இடது காதில் படித்தாள். எனக்குக் கேட்க வேண்டுமென்றால் அவள் கத்த வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டுதான் கத்தினாள்.

தலை தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சரி, சொல். உன் சந்தேகத்துக்கு நான் கோபப்பட மாட்டேன். ஏனென்றால் என் சந்தேகம் அதைவிட மூத்தது.

தாமரைச்செல்வி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கேட்டாயா, ஒரு அட்டை இரண்டு அட்டை இல்லை. ஒரு பொட்டலம். கத்தரிக்கோலால் வெட்டிய துண்டுகள், பாதி மாத்திரைகள், முழு மாத்திரைகள், எல்லாம் ஒரு பழைய துணியில் முடிந்து சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வைத்தியத்துக்கு வாங்கியதை ஏன் ஒளிக்க வேண்டும்? இத்தனையும் யாருக்கு? ஒரே நாளில் கொடுக்கவா? ஒரு துண்டு எடுத்தேன். திரும்பினால் வாசலில் குடத்தோடு நிற்கிறாள். "கஞ்சி ஆறுது மாமா" என்றாள். அவ்வளவுதான். களவு போன வீட்டுக்காரி கேட்காமல் இருந்தால் என்ன அர்த்தம்?

அட்டைத் துண்டை இத்தோடு அனுப்புகிறேன். தீப்பெட்டியில் பஞ்சு வைத்திருக்கிறேன், முத்திரை பயமில்லை.

இன்னொன்று கேள், இதுதான் முக்கியம். உனக்கு எழுதிய நாளிலிருந்து அந்த ரோஸ் மாத்திரையை நான் முழுங்கவில்லை. ஒதுக்கி, அவள் போனதும் துப்பிவிடுகிறேன். ஆனால் கிறக்கம் போகவில்லை. கூடத்தான் செய்கிறது. முந்தாநாள் கன்றுக்குட்டியைக் கட்டப் போனவன் தொழுவத்தில் விழுந்தேன். அப்படியென்றால் அவள் கஞ்சியிலும் கலக்கிறாள். வேறெப்படி? அன்றிலிருந்து வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை. அழகுபாண்டி டீக்கடையில் இட்லி தின்கிறேன். அவனும் எவ்வளவு நாளைக்கு நம்பத் தகுந்தவன் என்று தெரியவில்லை. இட்லி வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கிறான்.

இந்த யோசனையிலேயே வயிறு பிசைகிறது. நல்லவேளை, வயிற்றுக்கு என்னிடம் தனியாக மாத்திரை இருக்கிறது, அது ஒன்றுதான் எனக்கு இப்போது ஆதரவு. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்.

என் மகன் செல்வக்குமாரிடம் சொல்லலாம் என்றால் அவன் திருமங்கலம் மில்லில் வேலை முடிந்து வந்து, "அப்பா நல்லாத் தூங்குறாரா?" என்று அவளிடம்தான் கேட்கிறான், வாயசைவில் தெரிகிறது. என்னிடம் கேட்பதில்லை. நான் தூங்குவதில் இவர்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?

நல்லகாமன்

⁂

சோழவந்தான்
5-1-2025

மச்சானுக்கு,

தீப்பெட்டி பத்திரமாக வந்தது. எடுத்துக்கொண்டு தெற்குவாசல் போனேன். போகும்போது பஸ்ஸில் ஒரு முடிவோடு போனேன். விசம் என்று வந்தால் மகளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது. சத்து மாத்திரை என்று வந்தால் உங்களை ஆயுசுக்கும் பார்ப்பதில்லை. இரண்டும் நடக்கவில்லை.

சேக் மைதீன் பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் படித்தார்.

"இது விசமும் இல்ல, சத்தும் இல்ல. ரெண்டு மருந்து சேந்த மாத்திரை. ஒண்ணு மனசுப் படபடப்ப அடக்கித் தூங்க வைக்கும். இன்னொண்ணு குடல் இழுப்ப அடக்கும். யாருக்கு?"

"எங்க மச்சானுக்கு. எம்பது நெருங்குது."

"எம்புட்டு நாளா?"

"ஒரு வருசத்துக்கு மேல."

பாய் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லாஹ். இது கொஞ்ச நாளைக்குக் கொடுக்கிறது. வயசானவுகளுக்கு யோசிச்சுத்தான் கொடுக்கணும். வாய் காயும். கண்ணு மங்கும். நீர் எறங்காது, மலம் கட்டும். தள்ளாடி விழுவாக. மறதி வரும், பேசிக்கிட்டிருக்கும்போதே பேச்சு நிக்கும்."

மச்சான், உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டியதுபோல அவர் வரிசையாகச் சொன்னார். என் மகளா இப்படி என்று நினைத்தேன். நினைத்தேன், மறைக்கவில்லை. வெற்றிலை போடலாம் என்று சுருக்குப் பையை அவிழ்த்தேன். அதில் என் வயிற்று மாத்திரை அட்டை இருந்தது, மஞ்சளும் பச்சையுமாக. பாய் எட்டி எடுத்தார்.

"இத யாரு திங்கிறது?"

"நான்தான். வாயுவுக்கு."

"பெரியவரே, ரெண்டும் ஒண்ணுதான். கம்பெனி வேற, கலரு வேற. உள்ள இருக்கிற மருந்து அதே மருந்து."

இப்போது யோசியுங்கள். அக்கா கருமாதிக்கு நான் வந்திருந்தபோது என் பையில் கைவிட்டு வெற்றிலை எடுத்தீர்கள். மச்சான் பையில் கைவிட மச்சானிடம் கேட்க வேண்டியதில்லை, அது நம் பழக்கம். கூடவே அந்த அட்டையையும் எடுத்தீர்கள். "இது எதுக்குடா?" என்றீர்கள். வயிற்றுக்கு என்றேன். "எனக்கும் பிசையுது" என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு மிச்சத்தை மடியில் சொருகிக்கொண்டீர்கள். நானும் வெற்றிலைக் கட்டோடு சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன், நீங்கள் அக்காவை விட்ட நாள்வரைக்கும். அதற்குப் பிறகு நான் அனுப்பவில்லை. உங்களுக்கு ஆதரவாக இருக்கும் அந்த வயிற்று மாத்திரை எங்கிருந்து வருகிறது? அட்டையைக் காட்டி நீங்களே வாங்குகிறீர்களா?

அப்படியென்றால் என் மகள் கொடுத்தது ஒன்று, நீங்களாகப் போட்டுக்கொண்டது ஒன்று. அவள் கொடுத்ததைத் துப்பிவிட்டு இதை இரட்டிப்பாக்கினால் கிறக்கம் எங்கிருந்து போகும்? கஞ்சியில் ஒன்றும் இல்லை மச்சான். உங்கள் மடியில் இருக்கிறது.

போன ஆவணியில் நான் வாய்க்கால் வரப்பில் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டேன். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மருமகளைச் சந்தேகப்பட்டீர்கள், நான் வயசைச் சந்தேகப்பட்டேன். பையை இரண்டு பேரும் சந்தேகப்படவில்லை.

ஒன்று மட்டும் கேளுங்கள். இதைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம். டாக்டரிடம் இரண்டு அட்டையையும் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். தாமரையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

ஜெயக்கொடி

⁂

எழுமலை
தை 7 (20-1-2025)

மாப்ளைக்கு,

நீ ஒரு தகப்பன். தகப்பன் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறாய். குறை சொல்லவில்லை.

ஆனால் என்னை அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டாயே. உன் மாத்திரை மஞ்சளும் பச்சையும். உன் மகள் மாத்திரை ரோஸ். உன்னுடையது நீளம், அவளுடையது வட்டம். உன்னுடையதைப் போட்டால் வயிறு ஆறுகிறது. அவளுடையதைப் போட்டால் பேர் மறக்கிறது. இரண்டும் ஒன்று என்று எழுதப் படிக்கத் தெரியாதவனிடம்தான் சொல்ல முடியும்.

கருமாதிக்கு நடந்ததை நீ எழுதியிருப்பதில் ஒரு இடம் தப்பு. "இது எதுக்குடா" என்று நான் கேட்கவில்லை. "இது என்னடா புதுப் பாக்கு" என்றேன். நீ சிரித்தாய். அக்கா செத்த வீட்டில் சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாய். பந்தி பரிமாற வந்த மலையாண்டி பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து எச்சில் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். வெற்றிலை நரம்பு பழுத்திருந்தது. இவ்வளவு நினைவிருக்கிறவனைப் போய் மறதிக்காரன் என்கிறாய்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எழுதத் தெரிந்த எல்லாருக்கும் என்னிடம் பொய் சொல்ல முடியும். அட்டையில் ஒன்று எழுதியிருக்கும், நீ ஒன்று படிப்பாய். நான் ஒன்று சொல்வேன், இவள் ஒன்று எழுதுவாள். கைநாட்டு வைக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை நான் கண்டதில்லை. எனக்கென்று இருந்த ஒரே எழுத்து என் மனசில் இருந்தது. அதில்தான் கை வைத்திருக்கிறார்கள். யார் என்று தெரியாமல் நான் விடுவேனா?

வயிற்று மாத்திரையை நானேதான் வாங்குகிறேன். அட்டையைக் காட்டினால் மெடிக்கலில் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்கிறார்கள். கெட்ட மருந்தென்றால் கேட்காமல் கொடுப்பார்களா?

மாசி பிறந்ததும் காப்புக் கட்டுகிறேன். கட்டினால் விரதம் இல்லாத கையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூட வாங்கக் கூடாது, மருந்து மாத்திரை எதுவும் கூடாது. எல்லாவற்றையும் அன்றே தூக்கிப் போட்டுவிடுவேன், உன்னுடையதும் சேர்த்து. அப்போது தெரிந்துவிடும். சிவராத்திரிக்கு வா. உன் அக்கா பேரைக் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு உன் மகள் பேரையும் கூப்பிடுவேன். இரண்டையும் கேட்டுவிட்டுப் போ.

நல்லகாமன்

(தாத்தாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். 'உன் அக்கா' என்று இருக்கும் இடங்களில் அவர் பாட்டி பேரைச் சொல்ல வந்து, வராமல், வெகுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'அக்கான்னே போடு' என்றார். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள். ஆர்த்திகா.)

⁂

சோழவந்தான்
4-2-2025

மச்சான்,

சண்டை அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள். காப்புக் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மாத்திரையை ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். பாயிடம் மறுபடி போய்க் கேட்டேன். "இம்புட்டு நாள் தின்னுட்டுத் திடீர்னு விட்டா ஒடம்பு உதறும், தூக்கம் ஒழியும், இல்லாத ஆளெல்லாம் எதுக்க வந்து நிக்கிற மாதிரி தெரியும். வலிப்புக்கூட வரும். வேணாம்னு சொல்லுங்க" என்றார். பெட்டி முன்னால் நீங்கள் விழுந்தால் அக்கா பேரை யார் கூப்பிடுவது? வேறு யாருக்குத் தெரியும்?

தாமரையிடம் பேசிவிட்டேன். பேசாமல் இருக்க முடியவில்லை. உங்கள் மேல் வந்த கோபத்தை அவளிடம் கொட்டலாம் என்றுதான் போன் போட்டேன். "என்னய ஏன் அந்த மனுசன் வாயில விழ வச்ச, அப்படி என்னத்தக் கொடுத்த?" என்றேன். அவள், "எல்லாம் தெரியும்ப்பா" என்றாள். எப்படி என்றால், ஆர்த்திகா உங்கள் காதில் கத்திப் படித்தது குழாயடி வரைக்கும் கேட்டிருக்கிறது. முதல் கடிதத்திலிருந்தே ஊருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் கஞ்சி ஆற்றி வைத்திருக்கிறாள். நீங்கள் தொடாததை மாட்டுத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள்.

டாக்டர் பத்து நாளைக்குத்தான் எழுதிக் கொடுத்தாராம். அக்கா போன துக்கத்தில் நீங்கள் தூங்காமல் கத்திக்கொண்டிருந்தீர்கள், மாத்திரையில் தூங்கினீர்கள். தீர்ந்ததும் மெடிக்கலில் அதையே கேட்டு வாங்கினாளாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். "தப்புத்தாம்ப்பா, மாமா தூங்குறாகளேன்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு நீங்கள் தள்ளாடுவதைப் பார்த்து அவளே பயந்து, சில நாள் பாதியாக ஒடித்துக் கொடுத்திருக்கிறாள், சில நாள் கொடுக்காமல் விட்டிருக்கிறாள். குறைத்தது தெரிந்தால் செல்வக்குமார் சத்தம் போடுவான் என்று மிச்சத்தைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறாள். நீங்கள் பார்த்த பொட்டலம் உங்களுக்குக் கொடுக்கச் சேர்த்தது இல்லை மச்சான். கொடுக்காமல் சேர்ந்தது. குறைத்தும் ஏன் தெளியவில்லை என்று அவளுக்கும் புரியவில்லை. உங்கள் மடியில் இருப்பது அவளுக்குத் தெரியாதல்லவா.

இதையெல்லாம் நம்பாதீர்கள். நான் தகப்பன், நம்ப வேண்டாம். நான் படித்துச் சொல்வதும் வேண்டாம், ஆர்த்திகா கத்திச் சொல்வதும் வேண்டாம். இரண்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களையும் என்னையும் தெரியாத ஊரில், நீங்களே ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். வாயைத் திறக்காமல் கையை நீட்டுங்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள். முகம் படிக்க உங்களுக்குத் தெரியும்.

ஜெயக்கொடி

⁂

எழுமலை
மாசி 17 (1-3-2025)

மாப்ள ஜெயக்கொடிக்கு, நல்லகாமன் சொல்லச் சொல்ல எழுதுவது.

ஆர்த்திகா தை மாசக் கடிதத்தில் தன் கையால் ஒரு சங்கதி சேர்த்து அனுப்பியதை அவளே ஒப்புக்கொண்டாள். நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா? இருந்தாலும் இதையும் அவளைத்தான் எழுதச் சொல்கிறேன். வேறு ஆள் இல்லை. இந்தத் தடவை காதில் கத்தாமல் மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறேன், கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

நீ சொன்னபடி செய்தேன். உன் பேச்சைக் கேட்டு இல்லை, உன்னைப் பொய்யனாக்கிக் காட்ட. டி. கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அந்த ஊர் ஆசிரமத்துப் பக்கம் எனக்கு ஒரு சொந்தமும் கிடையாது. முதல் கடையைத் தாண்டிப் போனேன், ஒருவேளை அங்கே சொல்லி வைத்திருப்பாயோ என்று. மூன்றாவது கடையில் ஒரு பிள்ளை நின்றது. ஒரு கையில் ரோஸ், ஒரு கையில் மஞ்சள் பச்சை, இரண்டையும் நீட்டினேன். அது இதைப் படித்தது, அதைப் படித்தது. என்னமோ சொன்னது. காதைத் தொட்டுக்காட்டினேன். உடனே இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, எனக்கு முன்னால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டியது.

ஒரு விரல் மாப்ள. அதில் யாரும் எதையும் மாற்றி எழுத முடியாது.

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யார் கை என்று தேடிக்கொண்டிருந்தேனே, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மடியில் இருந்ததை அவிழ்த்துத் தாமரைச்செல்வி முன்னால் வைத்தேன். அவள் அழுவாள், இல்லை ஏசுவாள் என்று பார்த்தேன். "அப்பா பையில இருந்தா எடுத்தீக? அங்க இன்னும் என்னென்ன கெடக்கோ" என்றாள். மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் உன்னுடையதை முதலில் குறைத்து, பிறகு அவளுடையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். இன்னும் முழுசாக விட்டபாடில்லை. உன் முழங்கையையும் போய்க் காட்டு, உன் பையையும் காட்டு.

காப்பு ஒரு இடைஞ்சலாக வந்தது. விரதத்தில் மருந்து கூடாது, மருந்தை விடவும் கூடாது. பூசாரி கருப்பு யோசித்துவிட்டு, "காப்புக் கட்டுன கையால தீர்த்தத்தோட கொடுத்தா மருந்தும் தீர்த்தந்தான்" என்றான். செல்வக்குமார் மில்லுக்குப் போகிறவன், கட்ட முடியாது. தாமரைச்செல்வி கையை நீட்டினாள். அவள் காப்புக் கட்டினாள், மாப்ள. ஒரு வேளைச் சோறு, வெறும் தரை, எல்லாம். பொழுது சாய்ந்ததும் பாதி மாத்திரையும் தீர்த்தமும் கொண்டுவந்து, நான் முழுங்கும்வரை எதிரே நின்றாள். முன்பு நின்ற அதே நிற்புத்தான். கஞ்சியையும் அவள் கையால் வாங்கினேன். குடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் கலக்கிப் பார்த்தேன். பழக்கம், உடனே போகாது. அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

சிவராத்திரிக்கு நீ வரவில்லை என்று ஊர் நினைக்கிறது. பெட்டி இறக்கும்போது புளியமரத்துக்குப் பின்னால் ஒரு வேட்டி தெரிந்தது. இடது முழங்கையை மடக்க முடியாமல் கக்கத்தில் ஒரு சேலைப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு நின்ற ஆள் யார் என்று எனக்குத் தெரியாதா? என் கண்ணில் இப்போது புகை இல்லை.

கூப்பிட ஆரம்பித்தேன். வாய் கொஞ்சம் வறண்டது. பாட்டன் பூட்டன் எல்லாரும் வந்தார்கள். என் அண்ணன் வந்தான். அவன் பேருக்குப் பிறகுதான் போன வருசம் இருட்டிப்போனது. அந்த இடம் வந்ததும் நின்றேன். கூட்டமும் நின்றது. எனக்குப் பேர் வரவில்லை, மாப்ள. பேர் வரவில்லை, அவள் வந்தாள். மழைக்கு முந்தி விறகை உள்ளே தள்ளிவிட்டு முந்தானையில் முகம் துடைத்தாளே, அப்படி வந்தாள். மருந்து குறைவதால் தெரிகிற ஆளா, வெளியே நின்று நின்று பார்த்துவிட்டு அவளாகவே உள்ளே வந்தாளா என்று உன் பாயிடம் கேட்டுச் சொல். நான் கேட்கப்போவதில்லை. "சோழவந்தான் கொடிக்கால் வீட்டுப் பொண்ணு ராக்கம்மா" என்றேன். மரத்துக்குப் பின்னால் இருந்த சேலை எப்படிப் பெட்டி மேல் வந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உன்னோடு பேச வேண்டியிருக்கும்.

பிறகு இருக்கிற பேர். முதல் கடிதத்திலேயே ஊருக்குத் தெரிந்துபோனதால் எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அழகுபாண்டி கடையைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். தாமரைச்செல்வி பெண்கள் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்ன வரும் என்று அவளுக்கும் தெரியாது, நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் வாக்கப்பட்டு வந்த பெண்ணை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை என்று கூட்டத்தின் பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது அவர் உதட்டிலிருந்தே தெரிந்தது. குறை எதுவும் சொல்லவில்லை. செத்தவர்கள் எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டு, உயிரோடு இருக்கிற கடைசி ஆளாக ஒரே ஒரு பேரைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து நின்று "இருக்கேன்" என்றதை வாயசைவில் பார்த்தேன்.

சோழவந்தான் ஜெயக்கொடி மகள், தாமரைச்செல்வி.